கையை எடு

ராட்சதன் திருடனை இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினான். விலா எலும்புகள் முறியும் சத்தத்தை, ஒன்பதரை என்று நாங்கள் கூப்பிடுகிறவர் மேசை விளிம்பில் இடது கை நகத்தால் தட்டிக் காட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்குக் கொஞ்சம் காக்கவைத்துத் தட்டினார். திருடனின் வாயிலிருந்து வழிகிற ரத்தம் ராட்சதனின் கட்டைவிரலில் இறங்குகிறது, அதன் சூடு அவனுக்குப் பிடித்திருக்கிறது, அதனால் இன்னும் இறுக்குகிறான் என்றார். திருடனாக விளையாடிக்கொண்டிருந்த கூரியர்க்காரர் பிஸ்கட்டை டீயில் முக்கி எடுத்தபடி, தனக்கு மூச்சு வருகிறதா என்று விசாரித்தார்.

"பாதி வருது," என்றார் ஒன்பதரை.

அது ஞாயிற்றுக்கிழமை மதியம். டயர் பஞ்சர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. கீழே கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் மேசைமேல் இருக்கிற பகடைகள் தாமாக நடுங்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வாயால் சொல்லிச் சொல்லி நடத்துகிற கதை விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துகிறவர் எப்போதும் ஒன்பதரைதான். கூரியர்க்காரர் திருடன். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் கோடாலிப் போராளி. வாரத்தில் ஆறு நாள் தைக்கிறேன், ஒரு நாளாவது வெட்டிப் பார்க்கிறேன் என்பாள். பட்டறை ஸ்டோரில் வேலை பார்க்கும் நான், எல்லோருக்கும் பின்னால் நின்று அம்பு விடுகிறவன்.

ஒன்பதரைக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. வலது கை ஆள்காட்டி விரலில் மேல் பாதி கிடையாது. பட்டறையில் இருபது பேர் சேர்ந்து யோசித்தும் இதைவிடச் சுருக்கமான பெயர் அகப்படவில்லை.

எங்கள் பட்டறையில் கதவுக் கீல்கள் அடிக்கிறோம். அங்கே அவர் டை செட்டர். பிரஸ் மெஷினில் மேலும் கீழுமாக இரண்டு டைகள் இருக்கும், அதாவது இரும்பு அச்சுகள். அவற்றை மயிரிழை பிசகாமல் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. கீழ் டையில் தகட்டை வைத்து, காலால் பெடலை மிதித்தால், பக்கவாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலின் மொத்த வேகமும் மேல் டையில் இறங்கும். அறுபது டன். எங்கள் மெஷின்கள் பழையவை. பாதியில் நிறுத்துகிற வசதி அவற்றுக்கு இல்லை. மிதித்துவிட்டால் மேல் டை கீழே வந்து, அடித்து, திரும்ப மேலே போன பிறகுதான் நிற்கும். நடுவில் நீங்கள் கத்தலாம், கும்பிடலாம், அது உங்கள் சௌகரியம். 'மிதிச்சா மிதிச்சதுதான்' என்று புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

அவர் அதை இருபத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டார். அப்போதைய சூப்பர்வைசர் ஏதோ ஏச, இவர் பதிலுக்குக் கத்தி, ஆத்திரத்தில் காலை ஓங்கித் தரையில் உதைத்தார். கால் இறங்கிய இடத்தில் தரை இல்லை, பெடல் இருந்தது. விரல் டைக்குள் இருந்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "கோபம் அவன்மேல. விரல் என்னோடது."

அவருடைய விளையாட்டில் மந்திரம் வேலை செய்கிற விதமும் இந்த வரியிலிருந்து வந்ததுதான். கடையில் பெட்டியாக விற்கிற விளையாட்டுகளை அவர் தேடிப் படித்திருக்கிறார். சிலவற்றில் மந்திரவாதி காலையில் நாலு மந்திரத்தை மனப்பாடம் செய்துகொள்வான். ஒன்றைச் சொன்னால் அது மனசிலிருந்து அழிந்துவிடும், திரும்பவும் தூங்கி எழுந்தால்தான் கிடைக்கும். "இது கேன்டீன் டோக்கன்," என்றார். வேறு சிலவற்றில் இத்தனை புள்ளி சக்தி என்று இருக்கும், பெரிய மந்திரத்துக்கு நிறையப் போகும், சின்னதுக்குக் கொஞ்சம் போகும். "இது தண்ணித் தொட்டி." இன்னும் சிலவற்றில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் பகடை உருட்ட வேண்டும், தவறினால் சொன்னவன்மேலேயே திரும்பும். இது அவருக்கு ஓரளவு பிடித்தது. ஆனால் அதிலும் தப்பு பகடையுடையதாகிவிடுகிறது, வாய்க்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று குறைப்பட்டார்.

அதனால் தானே ஒன்று செய்தார். கீல் வருகிற அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து அதில் மார்க்கரால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். மந்திரம் மூன்று சொல்லுக்கு மேல் போகக் கூடாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னபடியே நடக்கும், சொல்லாமல் விட்டதைப் பகடை முடிவு செய்யும். அடுத்தவரிடமிருந்து எது போகிறதோ அதில் பாதி சொன்னவரிடமிருந்தும் போகும். அடியில், கோடு போட்டு, மிதிச்சா மிதிச்சதுதான்.

இந்தச் சட்டத்தில் இரண்டு வருடம் விளையாடியதில் எங்களில் ஒருவருக்கும் முழு உடம்பு இல்லை. நர்ஸின் போராளி ஒருமுறை "தீ பிடிக்கட்டும்" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. அவளுடைய கூந்தலில் பிடித்தது, ஒரு காதோடு போயிற்று. என் வில்லாளிக்கு ஒன்றரைப் பாதம். காயங்களை ஒன்பதரை அவசரப்படாமல் சொல்வார். தோல் எப்படிப் பிரிகிறது, உள்ளே வெள்ளையாகத் தெரிவது எலும்பா நரம்பா, கீழே விழுந்த துண்டு எத்தனை நேரம் துடிக்கிறது. நர்ஸ் குறுக்கே புகுந்து, அந்த இடத்தில் அவ்வளவு ரத்தம் வராதுண்ணே என்று திருத்துவாள். அவர் அளவைக் குறைத்துக்கொள்வார். நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அக்கா வருகிற வரைக்கும்.

அக்கா என்பது அவருடைய தங்கை. எனக்கு அக்கா முறையாகக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே படியேறி வந்தாள். ஒரு பை. இடது கை மணிக்கட்டு, கை போக வேண்டிய பக்கம் போகாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நர்ஸ்தான் முதலில் எழுந்தாள்.

அக்காவின் புருஷன் எங்கள் பட்டறையிலேயே மூன்றாம் நம்பர் பிரஸ் ஓட்டுகிறான். ஒன்பதரையின் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து பட்டறை முழுக்க அவனுக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். போனில் யாரோடு பேசினாய் என்று கேட்டிருக்கிறான். அண்ணனோடு என்றிருக்கிறாள். பொய் என்று சொல்லி, அவள் கையை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்து, கதவைச் சாத்தியிருக்கிறான். ஒரு தடவை இல்லை. கீல் உறுதியான கீல். எங்கள் பட்டறையில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு நர்ஸ் ஒரு ஃபாரத்தை நீட்டினாள். அதில் கையெழுத்துப் போட்டால் போலீசுக்குப் போய்விடும். அக்கா பேனாவைத் தொடவில்லை. ஒன்பதரை ஃபாரத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"இது எதுக்கு சிஸ்டர். அவன் கையை நான் எடுத்துடறேன்," என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டோம். டையில் ஒரு போல்ட் மாற்ற வேண்டும் என்கிற குரலில் சொன்னார். அக்கா அவர் சட்டைக் கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டாள். "நீ உள்ள போயிட்டா நான் எங்கண்ணா போறது? அந்த வீட்டுக்குத்தான் திரும்பப் போகணும்." அவர் தலையை ஆட்டினார். அது சரியென்று ஆட்டியதா, சும்மா ஆட்டியதா என்று அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பஞ்சர் கடைக்கு மேலே இருக்கிற அந்த இரண்டு அறையை விட்டால் அவளுக்குப் போக இடம் கிடையாது. அது இருப்பதும் போவதும் பெடலை மிதிக்கிற அவருடைய ஒரு காலில் இருந்தது.

அந்த மாதம் முழுக்க அவர் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸையே சுற்றி வந்தார். ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த மெஷின் நேர் எதிரே. மாப்பிள்ளையின் கைகள் டைக்குள் எவ்வளவு தூரம் போகின்றன, எவ்வளவு நேரம் இருக்கின்றன என்று நின்று பார்ப்பார். டைக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு உண்டு, கார்டு என்போம், கை உள்ளே போகாமல் தடுப்பதற்கு. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று மாப்பிள்ளை அதைத் தூக்கிக் கம்பியால் கட்டி வைத்திருந்தான். வேறு யாராவது அப்படிச் செய்தால் ஒன்பதரை கம்பியை அறுத்து, கட்டினவனை வாயால் கிழித்து, அன்றைக்கே மேனேஜருக்கு எழுதிக் கொடுப்பார். இதைப் பார்த்தார். விட்டுவிட்டார். தினமும் பார்த்தார், தினமும் விட்டுவிட்டார். நானும்தான் பார்த்தேன்.

அக்கா முதல் வாரம் மேசையருகே சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வாரம் தனக்கும் ஒரு ஆள் வேண்டும் என்றாள். மந்திரக்காரியை எடுத்துக்கொண்டாள். சட்டத்தை அட்டையிலிருந்து ஒருமுறை படித்துவிட்டு, "அதுவும் உன்னை மாதிரிதான் இருக்கு," என்றாள் அண்ணனைப் பார்த்து. இரண்டு ஞாயிறு அவள் ஒரு மந்திரமும் சொல்லவில்லை. தடியால் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் விளையாடிய மூன்றாம் ஞாயிறுதான் இந்த ராட்சதன். நர்ஸின் கோடாலி அவன் தொடையில் சிக்கிக்கொண்டது. என் அம்புகள் தீர்ந்துவிட்டன. திருடனுக்குப் பாதி மூச்சுதான் வருகிறது. அக்காவின் முறை. அவள் ராட்சதனைப் பார்க்கவில்லை, கூரியர்க்காரரையும் பார்க்கவில்லை, மேசையின் நடுவில் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கையை எடு."

கீழே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. பகடைகள் நடுங்கின.

"யார் கையை?" என்றார் ஒன்பதரை.

"ராட்சதனைத்தான் சொன்னேன். அவர்மேலருந்து கையை எடுக்கச் சொன்னேன்."

"அதைச் சொல்லலையே."

கூரியர்க்காரர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அது எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே, பஸ்ஸில் சொல்வதில்லையா, அதற்கு யாராவது கோடாலி எடுப்பார்களா என்று அவரும் நர்ஸும் மாறி மாறிக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று ஒன்பதரை நர்ஸைத் திருப்பிக் கேட்டார். அவர் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். ஒன்று இரண்டு விழுந்தால் ராட்சதன் கை, மூன்று நான்கு என்றால் திருடன் கை, ஐந்து ஆறு என்றால் மந்திரக்காரியின் கை. உருட்டினார். நான்கு.

திருடனின் வலது கை தோளிலிருந்து போவதை அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. முதலில் சட்டை கிழிந்தது. பிறகு தோல், ஈரத்துணி பிரிவதுபோல. மூட்டு குழியிலிருந்து கழன்ற சத்தத்துக்கு நாக்கை மேல்வாயில் ஒட்டி விடுவித்தார். நரம்புகள் கடைசியாக, ஒவ்வொன்றாக, அவை நீளுகிற மட்டும் நீண்டு. கீழே விழுந்த கை விரல்களை ஒருமுறை மடக்கிற்று, எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல. தேவைக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண் மேசையில் இல்லை. யாருடைய கையைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரத்தத்தின் அளவை நர்ஸ் திருத்தவில்லை.

"இதுல பாதி மந்திரக்காரிக்கு," என்று அதே வேகத்தில் அக்கா பக்கம் திரும்பினார். "இடது கை. முழங்கையில ஆரம்பிச்சு மணிக்கட்டு..."

அங்கே நின்றார். மணிக்கட்டு மாவுக்கட்டோடு மேசைமேல் இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அக்கா. "சொல்லு. மிதிச்சா மிதிச்சதுதானே?"

அவர் பகடையை எடுத்து மூடின கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் விடத்தான் சொன்னேன் அண்ணா. உன் காதுல மட்டும் எல்லாமே வெட்டுறதாத்தான் விழுது."

எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, தன் திருடன் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறானா என்று கூரியர்க்காரர் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அதோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் நம்பரில் புது டை ஏற்றினார்கள். புது டை என்றால் முதலில் பத்துப் பதினைந்து சாம்பிள் அடித்துப் பார்க்க வேண்டும். பெடலில் செட்டர் இருப்பார், அடித்த துண்டை ஆபரேட்டர் இடுக்கியால் எடுப்பான். சூப்பர்வைசர் இரண்டு பேரையும் மெஷினில் விட்டுவிட்டுப் போனார். அவருக்கு வீட்டு விவகாரம் தெரியாது, தெரிந்தாலும் கீல்தான் பெரிது. டீ இடைவேளை. மற்ற பிரஸ்கள் நின்றிருந்தன. அதனால் ஸ்டோர் ஜன்னல் வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

மச்சினனும் மச்சினனும் ஒருவரை ஒருவர் கூப்பிட ஒரே வார்த்தைதான்.

"என்ன மச்சான், என் பொண்டாட்டியை எப்ப அனுப்புற?"

ஒன்பதரை மிதித்தார். துண்டு வந்தது. மாப்பிள்ளை இடுக்கியால் எடுத்துப் போட்டான்.

"கட்டு எப்ப பிரிக்கிறாங்க?"

மிதித்தார்.

"பிரிச்சதும் சொல்லி அனுப்பு. இன்னொரு கை சும்மாதானே இருக்கு."

அடுத்த துண்டு கீழ் டையில் ஒட்டிக்கொண்டது. இடுக்கிக்கு வரவில்லை. மாப்பிள்ளை இடுக்கியை டையின் விளிம்பில் வைத்துவிட்டு வலது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு நெம்பினான். கார்டு மேலே கம்பியில் கட்டுண்டு கிடந்தது. ஒன்பதரையின் ஷூ பெடல்மேல் இருந்தது. முன்பாதம் அழுந்த, ஷூவின் தோல் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை நான் பார்த்தேன். கையில் கிரீஸ் டப்பாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"கையை எடு," என்றார்.

எந்த 'கையை எடு' அது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் அந்த நொடியில் தெரிந்திருக்குமா என்று பிறகு பலமுறை யோசித்தேன்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். காலைப் பார்த்தான். சிரித்தான். கையை எடுக்கவில்லை. விரல்களை விரித்துக் கீழ் டைமேல் பரப்பி வைத்தான், ஜோசியம் பார்க்கக் கொடுப்பதுபோல.

"எடுக்கலன்னா? மிதிப்பியா? மிதி மச்சான். உன்னைப் பிடிச்சு உள்ள வச்ச அன்னிக்கே வந்து அவளைக் கூட்டிட்டுப் போறேன். அவளை அடக்க எனக்கு ஒரு கை போதும்."

ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டறையில் அது ஒன்றுதான் சத்தம். பெடல் ஒரு நூல் இறங்கியதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்வேன். பிறகு அவர் காலைத் தூக்கினார். மிக மெதுவாக, சேற்றிலிருந்து பிடுங்குவதுபோலத் தூக்கித் தரையில் வைத்தார். சிவப்புப் பொத்தானை அடித்தார். மோட்டார் நின்றது. ஃப்ளைவீல் நிற்கவில்லை. அது தானாக ஓய்ந்து நிற்க இரண்டு மூன்று நிமிஷம் பிடிக்கும், அதுவரைக்கும் அதற்குள் அடி இருக்கும்.

மெஷினைச் சுற்றி வந்து மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவன் எதிர்த்து இழுத்தான். புறங்கைத் தோல் டையின் முனையில் உரிந்து வந்தது. இடுக்கி சரிந்து உள்ளே விழுந்தது. கை வெளியே வந்துவிட்டது. போல்ட் முடுக்கும் பெரிய ஸ்பேனர் மெஷின்மேல் கிடந்தது. மாப்பிள்ளை அதை இடது கையால் எடுத்து ஒன்பதரையின் தாடையில் அடித்தான். ஈரக் குச்சி ஒடிகிற சத்தம். ஒன்பதரை மணிக்கட்டை விடவில்லை. மறுபடி அடித்தான். இந்த முறை வாயில். பற்கள் சிமென்ட் தரையில் விழுந்து உருண்டன, ரத்தக் கோழை அவற்றின் பின்னாலேயே நூலாக இறங்கியது. அவர் திருப்பி அடிக்கவில்லை. விட்டுவிடவும் இல்லை. இரண்டு கையாலும் அந்த ஒரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் மொத்த எடையோடும் பின்னால் சாய்ந்தார். மாப்பிள்ளை அவர் வயிற்றில் உதைத்தான், முழங்காலில் உதைத்தான், மூன்றாம் உதைக்குக் காலை ஓங்கும்போது ரத்தத்தில் வழுக்கினான். குதிகால் போய் விழுந்தது பெடலில்.

அறுபது டன்னும் இறங்கியது.

டைக்குள் இடுக்கி இருந்தது. வெடித்ததுபோல ஒரு சத்தம். அதன் ஒரு பாதி பறந்து கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிற்று. மேல் டை சாவகாசமாகத் திரும்ப மேலே ஏறியது. மற்றப் பாதி கீழ் டையில், கீலைப்போலத் தட்டையாக, கீலுக்கு உரிய ஓட்டைகளோடு கிடந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை இன்னும் ஒன்பதரையின் பிடியில் இருந்த தன் கையைப் பார்த்தான். ஒவ்வொரு விரலாக மடக்கினான், விரித்தான். ஸ்பேனர் தானாகக் கீழே விழுந்தது. மெஷின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் பேன்ட் நனைந்திருந்தது.

"எடுத்துட்டேன்," என்றார் ஒன்பதரை. வாயில் பல்லும் ரத்தமுமாக இருந்ததால் அந்த ஒரு சொல்லும் சரியாக வரவில்லை. எனக்குப் புரிந்தது. கிரீஸ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அதுவரைக்கும் ஓடவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதட்டில் ஒன்பது தையல் போட்டாள். தாடையைக் கம்பியால் கட்ட வேண்டும் என்றார்கள். அக்கா வந்து வாசலிலேயே நின்றாள். முதலில் என்னைத்தான் கேட்டாள், நீ பார்த்தாயா, அண்ணன் அடித்தானா என்று. அடிக்கவில்லை என்றேன். நம்பவில்லை. அவர் முகத்தருகே குனிந்து திரும்பவும் கேட்டாள். அவர் தலையை இல்லையென்று ஆட்டினார். இந்தத் தடவை எதற்கு ஆட்டினார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் அவர் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் முட்டிகளில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

"சிஸ்டர், அந்த ஃபாரத்தை எடுங்க," என்றாள்.

நின்றபடியே, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஃபாரம் அன்றைக்கே போயிற்று, தாடைக்கு எழுதிய இன்னொன்றோடு சேர்ந்து. ஸ்பேனர் இருந்தது, பற்கள் இருந்தன, ஜன்னலில் பார்த்தவன் நான் இருந்தேன். மாப்பிள்ளையைப் பட்டறை வாசலிலிருந்தே கூட்டிப் போனார்கள். விசாரணைக்கு வந்த மேனேஜரிடம் ஒன்பதரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: கார்டு கட்டியிருந்தது ஒரு மாதமாக எனக்குத் தெரியும், நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. மூன்று வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பைத்தியமா உனக்கு என்று கூரியர்க்காரர் திட்டினார். ஒன்பதரை காகிதத்தைத் திருப்பி அடுத்த பக்கத்தில் 'ஆமாம்' என்று எழுதிக் காட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறு விளையாடவில்லை. அதற்கும் அடுத்த ஞாயிறு உட்கார்ந்தோம். கம்பி கட்டிய தாடையோடு அவர் பல்லிடுக்கில் பேசினார். 'ச' வருகிற இடத்திலெல்லாம் காற்றுத்தான் வந்தது. ராட்சதன் என்பது ராட்தன் ஆயிற்று. விரலுக்கு அரை போனதால் ஒன்பதரை, இப்போது பல் மூன்று போயிருக்கிறது, பெயரை மாற்றி வைக்க வேண்டும் என்று கூரியர்க்காரர் சொன்னார். அதோடு, தான் இரண்டு வாரமாக ஒற்றைக் கையோடு அந்தரத்தில் தொங்குவதையும் நினைவுபடுத்தினார்.

அக்காவின் முறை. அவள் தயாராக வந்திருந்தாள்.

"அவன்மேலிருந்து கையை எடு."

நர்ஸ் விரல் விட்டு எண்ணினாள். அவன், மேலிருந்து, கையை, எடு. நாலு சொல், செல்லாது என்றாள். கூரியர்க்காரர் பதறிப்போய், அவன்மேலிருந்து என்பதை ஒட்டித்தான் எழுதுவார்கள், அது ஒன்றுதான் என்றார். பிரித்து எழுதினால் என்ன கெட்டுப்போகும் என்றாள் நர்ஸ். என் உயிர் கெட்டுப்போகும் என்றார் அவர். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இவன் கவிதையெல்லாம் படிக்கிறவன், இவன் சொல்லட்டும் என்றார்கள். ஒட்டி எழுதலாம் என்றேன். இலக்கணப்படி அது சரியா என்று வீட்டுக்குப் போய்தான் பார்த்தேன்.

ஒன்பதரை பகடையை எடுத்தார். உள்ளங்கையில் குலுக்கினார். அட்டையை ஒருமுறை பார்த்தார்.

"யாரு கையின்னு இப்பவும் சொல்லலையே," என்றாள் நர்ஸ், விடாமல்.

"எங்கேருந்துன்னு சொல்லிட்டா," என்றார் அவர். "அவன்மேல இருக்கிறது ஒரு கைதான்."

பகடையை உருட்டாமல் மேசையில் வைத்தார். ராட்சதன் விரல்களைத் திறந்தான். அவனிடமிருந்து போனது பிடி மட்டும்தான், அதில் பாதி மந்திரக்காரியிடமிருந்தும் போக வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் கையிலிருந்த தடி நழுவிக் கீழே விழுந்தது என்றார். அக்கா தலையை ஆட்டினாள். திருடன் பதினைந்து அடி உயரத்திலிருந்து பாறைமேல் விழுந்தான். கால் எலும்பு. மேசை விளிம்பில் நகம் தட்டியது. ஒன்று. இரண்டு. முட்டி, மூன்று.

"மூச்சு?" என்றார் கூரியர்க்காரர்.

"அது முழுஹா வருது," என்றார் ஒன்பதரை.